ஒத்துவராது என்று எழுதினேன்

என் செல்லத் தம்பிக்கு,

டென்மார்க்கின் இந்த இக்காஸ்டில் இன்றும் பனி. தையல் தொழிற்சாலையில் வேலை முடிந்து டேனிஷ் வகுப்புக்குப் போனேன். பாடத்தில் உன் ஆட்கள் வந்துவிட்டார்கள். வேறு யார், அமெரிக்காவுக்கு நடந்துபோன ஆதிக்குடிகள்தான். சோற்றை ஆறவிட்டு அவர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பாயே, அதே ஆட்கள்.

உன் கடைசிக் கடிதத்திலும் அவர்களைத்தான் சாட்சிக்கு இழுத்திருந்தாய். "சைபீரியாவில இருந்து நடந்த சனத்துக்கே அந்தக் குளிர் ஒத்துவந்தது. எனக்கு ஒத்துவராதோ? நானும் வரட்டோ அக்கா?"

எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் பதில் எழுதினேன். "உன்ர முட்டு வருத்தத்துக்கு இந்தக் குளிர் ஒத்துவராது. அங்கயே இரு."

நீ இருந்தாய். சண்டையால் ஊரடங்கு போட்ட நாளில் உனக்கு முட்டு வந்து மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனமும் ஓடவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று கிழமை.

பனி உருகிப் பெரிய மிருகங்கள் அழிந்துபோக, அந்தச் சனம் மீனுக்கும் விதைகளுக்கும் மாறியதாம். தெற்கே போனவர்கள் நச்சுக் கிழங்கைத் துருவிப் பிழிந்து சுட்டுத் தின்னப் பழகினார்களாம். ஆசிரியை காட்டிய படத்தைப் பார்த்தால், அது எங்கள் மரவள்ளி! மரவள்ளி தின்ற நாளில் இஞ்சி கூடாதென்று உன் கையிலிருந்த இஞ்சித் தேநீரைப் பறித்தவள் நான். உனக்கு எது ஒத்துவராது என்று தீர்ப்புச் சொல்வதே என் வேலையாக இருந்திருக்கிறது.

முட்டு வருத்தக்காரரையும் அவர்கள் கூட்டிக்கொண்டு போனார்களா என்று கேட்க நினைத்தேன். அந்த வருத்தத்துக்கு டேனிஷில் என்ன சொல்? தெரியவில்லை. நெஞ்சில் கைவைத்து, நீ இழுப்பதுபோல மூச்சை இழுத்துக் காட்டினேன். எனக்குத்தான் ஏதோ செய்கிறது என்று பயந்து ஆசிரியை ஓடிப்போய் யன்னலைத் திறந்துவிட்டார். குளிர் நெஞ்சுவரை இறங்கியது. எனக்கு மூச்சு நன்றாகத்தான் வந்தது.

உனக்கும் வந்திருக்குமோ, தம்பி? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது எங்கள் சின்னத் தங்கச்சி எழுதியிருக்கிறாள், "நானும் வரட்டோ அக்கா?" என்று. இரண்டு கிழமையாகப் பேனையை எடுக்கிறேன், வைக்கிறேன். வரச் சொன்னால் வழியில் என்ன நடக்கும்? இருக்கச் சொன்னால் அங்கே என்ன நடக்கும்? என் கையில் ஒன்றுமே இல்லையடா.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். அவளுக்கு என்ன எழுதினாலும், ஒத்துவராது என்று எழுதமாட்டேன்.

உன்னை அங்கேயே இருக்கச் சொன்ன
உன் அக்கா