காளான் அறைக்கு ஒரு கரி ஃபில்டர்

செப்டம்பர் 3

அண்ணன் இன்றும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தான். அண்ணி சிரித்தாள். வாசலை ஒட்டிய அறையில் என் காளான் பைகள் எண்பது தொங்குகின்றன. வேலை போய் ஒன்றரை வருடம் இவர்கள் வீட்டில் தண்டச்சோறு தின்றவன், இப்போதுதான் நாலு ஹோட்டலுக்குக் காளான் கொடுக்கிறேன். அது பொறுக்கவில்லை.

"நீயே இருட்டுல முளைச்சவன். உனக்கெங்கடா நாத்தம் தெரியப்போகுது" என்றான்.

முப்பதாம் தேதி அக்கா குடும்பத்தோடு வருகிறாள். அதற்குள் நாற்றம் போகாவிட்டால் பைகள் தெருவில் என்றான். நானுமா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 5

நாற்றத்தை உறிஞ்சும் ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போனேன். அறை எவ்வளவு என்றார் கடைக்காரர். பத்துக்கு எட்டு, உயரம் ஒன்பது அடி. கரி அடைத்த தகர உருளைகளை எடுத்துக் காட்டினார்.

"தூக்கிப் பாருங்க சார். கனமா இருந்தாத்தான் கரி நிறைய இருக்குன்னு அர்த்தம். ஆட்டினா சத்தம் வரக் கூடாது."

சத்தம் வந்தால் உள்ளே இடைவெளி இருக்கிறதாம், காற்று கரியைத் தொடாமல் அந்த வழியாக நழுவிவிடுமாம். மூன்றை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு கிலுகிலுப்பை. மூன்றாவதை வாங்கினேன். ஃபேனை மட்டும் என் புத்திப்படி பெரியதாக வாங்கினேன்.

செப்டம்பர் 8

ஃபேன் இழுக்கிற வேகத்தில் காளானின் ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது. கரியில் காற்று நிற்கவே நேரமில்லை போல. மாலை அண்ணன் வாசலிலேயே சொல்லிவிட்டான், அப்படியேதான் இருக்கிறதென்று.

காலையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. மாலையில்தான் நாறுகிறதாம். பகல் வெயிலில் அறை சூடாவதாலோ?

செப்டம்பர் 11

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். உருளையைச் சுற்றியிருக்கும் துணி உறையில் காளான் தூள் படிந்திருந்தது. உறையைக் கழற்றித் துவைத்திருக்க வேண்டும். நான் உருளையோடு குழாயடியில் பிடித்தேன். கறுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். நனைந்த கரி வாசனையைப் பிடிக்காதாம். காளான் அறை என்று இப்போதுதான் அவரிடம் சொன்னேன். அன்றைக்குச் செடி என்று சொல்லியிருந்தேன். காளான் என்று சொல்ல ஏனோ கூச்சம். காளான் அறையில் எப்போதும் ஈரம், ஃபில்டரை உள்ளே மாட்டவே கூடாது, குழாய் போட்டு வெளியே காய்ந்த இடத்தில் மாட்டுங்கள் என்றார். முதலிலேயே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

செப்டம்பர் 14

புது உருளை, சின்ன ஃபேன். அறைக்கு வெளியே நடையில் மாட்டினேன். என் மூக்கு பழகிப்போயிருக்கும் என்பதால் அரைமணி நேரம் தெருவைச் சுற்றிவிட்டு வந்து மோந்து பார்த்தேன். சுத்தம். காளான் இருப்பதே தெரியவில்லை.

மாலை அண்ணன் வந்தான். செத்த எலி வாசனை என்றாள் அண்ணி.

செப்டம்பர் 15

இந்த வீட்டில் நான் என்ன செய்தாலும் விடியாது.

செப்டம்பர் 20

ஒரு காரியம் செய்தேன். எல்லாரும் வெளியே போனபின் எண்பது பைகளையும் நண்பனின் கார் ஷெட்டுக்கு மாற்றினேன். அறையைக் கழுவி, காயவைத்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய்க் காத்திருந்தேன். அண்ணன் வந்தபிறகு உள்ளே நுழைந்தேன்.

"இன்னைக்கு இன்னும் அதிகமா இருக்கே. என்னத்தடா அழுக வைக்கிற உள்ள?"

காலி அறைக்குள் போய் நின்று சிரித்தேன். ஆனால் நாற்றம் இருந்தது. எனக்கே தெரிந்தது. அவன் சட்டை மாற்றப் போனதும் நாற்றம் வரும் பக்கமாக மோந்துகொண்டே போனேன். என் அறை வாசலை ஒட்டிச் செருப்பு அலமாரி. அதில் கிடங்கில் நாள் முழுக்க அவன் மாட்டியிருக்கும் பூட்ஸ். இடது பூட்ஸுக்குள் கையை விட்டேன். ஈரம். விரலில் பழுப்பாக ஒட்டியது. அது வியர்வை இல்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஆணி குத்தினாலும் எனக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். தொப்பைக்குக் கீழே தன் காலைப் பார்த்து எத்தனை காலமாகிறதோ. சாக்ஸோடுதான் சாப்பிட உட்காருகிறான். தன் காலுக்குத்தான் இத்தனை நாளும் மூக்கைப் பொத்தியிருக்கிறான்.

செப்டம்பர் 21

பைகளைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

இப்போது சொல்லமாட்டேன். அக்கா வரட்டும். எல்லாரும் சாப்பிட உட்காரட்டும். அவன் கைக்குட்டையை எடுக்கட்டும். அப்போது அந்தப் பூட்ஸைக் கொண்டுவந்து மேசை மேல் வைப்பேன். என்ன சொல்வது என்று கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது.

செப்டம்பர் 23

இன்றும் பூட்ஸ் ஈரம். இன்னும் ஏழு நாள்.

செப்டம்பர் 26

அண்ணன் மதியமே வந்து போர்த்திக்கொண்டு படுத்தான். குளிர்கிறதாம். அண்ணி காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். சொல்லிவிடலாமா? வாய் வரைக்கும் வந்தது. அப்போது போர்வைக்குள்ளிருந்து, "அந்த ரூம் கதவைச் சாத்துடா, கொடலைப் புரட்டுது" என்றான்.

சாத்தினேன். அதோடு வாயையும் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 29

காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவன் அப்படியே விழுந்தான். ஆஸ்பத்திரியில் சாக்ஸைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள்.

"இவ்வளவு நாத்தம் வந்திருக்குமே. வீட்ல ஒருத்தரும் கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

வீட்டில் காளான் வளர்க்கிறோம், அதுதான் என்று நினைத்துவிட்டோம் என்றாள் அண்ணி. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மூக்கு பழகிப்போச்சு டாக்டர். ஒண்ணும் தெரியல."

போன வாரம் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்குமாம். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்.

போன வாரம். போன வாரம் நான் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. எவ்வளவு திட்டினாலும் அண்ணன்டா. என்ன மனுஷன் நான்? அவன் காலைவிட எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசை பெருசாப் போச்சா?

அக்டோபர் 1

எடுத்துவிட்டார்கள். நல்லவேளை நீயாவது கூட இருக்கிறாய் என்று சொல்லி அழுதாள் அக்கா.

அக்டோபர் 24

அண்ணனை வீட்டுக்கு அழைத்துவந்து ஒரு வாரம். இரவல் சக்கர நாற்காலி. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் காளான் மேல பழியப் போட்டுட்டேன்டா. மனசுல வச்சுக்காத" என்றான். அறை எனக்குத்தான், யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று அண்ணியிடமும் சொல்லிவிட்டான்.

மிச்சமிருக்கும் காலைத் தினமும் பார்க்க வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருக்கிறாள். அண்ணி உட்காரப் போனாள். அண்ணன் வேண்டாமென்று தடுத்துவிட்டான்.

"அவன் பாக்கட்டும். இந்த வீட்ல நாத்தத்துக்காக அலைஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவன் மறைக்கமாட்டான்."

தினமும் காலை ஏழு மணிக்குத் தரையில் உட்கார்ந்து அவனுடைய வலது பாதத்தை மடியில் வைத்துக்கொள்கிறேன். விரல் இடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, குனிந்து மோந்து பார்க்கிறேன். இன்று சோப்பு வாசனை மட்டும்தான். சுத்தமாக இருக்கிறது அண்ணா என்றேன்.

அவன் சரிபார்க்கவில்லை. என் தலையில் கையை வைத்தான், வெகுநேரம் எடுக்கவே இல்லை.