பத்து மா நிலமும் கட்ஷூ மெத்தையும்

1972 ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் முள் ஏறியது போல ஒரு குத்து. நான் போட்ட சத்தத்தில் கொல்லையில் மாடு மிரண்டதாக நீலாம்பாள் சொல்கிறாள். கட்டிய புருஷன் துடிக்கிறான், இவளுக்கு மாட்டைப் பற்றிக் கவலை.

தஞ்சாவூர் போய் டாக்டரிடம் காட்டினேன். பாதத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தினம் எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்றார். "வீட்டிலேர்ந்து கார் வரைக்கும்" என்றேன். "கார் எங்க நிக்கும்?" "வாசல்ல."

அவர் பேனாவை மூடிவிட்டார். உள்ளங்காலுக்கு நல்ல தாங்கல் கொடுத்து, குதிகாலுக்கு மெத்தென்று எதையாவது வைத்து, தினம் ஒரு மைல் நடக்க வேண்டுமாம். மருந்து கிடையாதாம். நடப்பதற்கென்றே என்னிடம் ஏழு பண்ணையாட்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்தால் கணக்குப்பிள்ளை நாகநாதன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார். புதுச் சட்டப்படி உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றப் போகிறார்களாம். ஏறிவிட்டால் அப்புறம் அவனை நிலத்திலிருந்து கிளப்ப முடியாதாம்.

கோயிலடிப் பத்து மா நிலத்தைத்தான் (மூன்று ஏக்கர் சொச்சம்) சொல்கிறார். அதில் காத்தான் பதினெட்டு வருஷமாகப் பயிர் வைக்கிறான். விதை அவனுடையது, ஏர் அவனுடையது, குத்தகை நெல் என்னுடையது. எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆகையால் அது என் சொந்தச் சாகுபடி. இதில் சந்தேகத்துக்கு எங்கே இடம்?

ஒரு சிக்கல். அதிகாரி வயலுக்கே வந்து பார்ப்பாராம். நான் வரப்பில் நடந்து நான்கு மூலையையும் காட்ட வேண்டுமாம். அந்த வயலை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது? என் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

ஆகஸ்ட் 16

யோசித்துப் பார்த்தேன். நாட்டில் இத்தனை பேர் குதிகால் வலியோடு திரிகிறார்கள். ஒருவனாவது செருப்புக்குள் வைக்க நல்ல மெத்தை கண்டுபிடித்தானா? அந்தக் காரியத்தை நானே செய்வதாக முடிவு செய்துவிட்டேன்.

காகிதத்தில் பாதத்தை வைத்து வரைந்து படமும் போட்டாயிற்று. உள்ளங்கால் குழிவுக்கு ஒரு வரப்பு. குதிகாலுக்கு ஒரு பள்ளம். விரல்களுக்குச் சமதளம். விவசாயிதானே நான், வேறு எப்படி வரும்!

ஆகஸ்ட் 19

இலவம்பஞ்சு. காலையில் மேகத்தில் நடப்பது போல இருந்தது, மத்தியானம் அப்பளம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 23

பட்டுக்கோட்டையிலிருந்து தென்னை நார் தருவித்தேன். அப்பளம் ஆகவில்லை. ஆனால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன். "காலைச் சொறியுறதுக்கு ஏங்க கண்டுபிடிப்பு?" என்று நீலாம்பாள். விஞ்ஞானிகளுக்கெல்லாம் வீட்டில் இப்படித்தான் மரியாதை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

சைக்கிள் டியூபை வெட்டி, காற்றடைத்து, ஓரம் ஒட்டினேன். அற்புதமான யோசனை. அதைப் போட்டுக்கொண்டே மன்னார்குடியில் கட்சிக் கூட்டத்துக்குப் போனேன். (போன தேர்தல் முடிந்த மறுவாரமே கதரை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுக் கரைவேட்டிக்கு மாறிவிட்டேன். கொள்கை என்று வந்துவிட்டால் நான் தாமதிப்பதில்லை.)

பேச்சாளர், "உழுபவனுக்கே நிலம்!" என்று முழங்கினார். எல்லாரையும் போல நானும் எழுந்து கை தட்டினேன். எழுந்த வேகத்தில் வலது டியூப் படாரென்று வெடித்தது. தன்னை வரவேற்க வெடி போட்டதாக நினைத்து அவர் என் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஒரு காலில் நின்றுகொண்டு.

செப்டம்பர் 2

காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு. வியர்வையைக் குடித்து நாறியது. லேஸ் இல்லாத என் கட்ஷூ இரண்டும் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டன, நீலாம்பாள் உத்தரவு.

செப்டம்பர் 9

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் லியாகத் அலி பாய் கடை. பினாங்கில் சீனன் ஒருவனிடம் பன்னிரண்டு வருஷம் ஷூ தைத்தவர். என் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வயலா ஐயா இது?" என்றார்.

பிறகு என் பாதத்தை நனைத்து, காகிதத்தில் மிதிக்கச் சொன்னார். ஈரம் முழுப் பாதமாகப் பதிந்தது.

"குழிவே இல்லிங்களே. தட்டைக் கால். நடக்காத காலு இப்படித்தான் ஆகும்."

கோபம் வந்தது. வலி இருந்ததால் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் முறை இது: தக்கையைத் தூளாக்கி, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, மேலே மெல்லிய ஆட்டுத்தோல் போர்த்துவது. கேட்ட மாத்திரத்தில் நான் சொல்ல வந்ததும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. தக்கை நானே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். மதுவிலக்கை எடுத்துவிட்ட புண்ணியத்தில் நம் வீட்டில் புட்டித் தக்கைக்குப் பஞ்சமில்லை.

கிளம்பும்போது பாய் ஒன்று சொன்னார். "உடம்புச் சூடும் கனமும் பட்டுப் பட்டு, மூணு வாரத்துல அது கால் அச்ச வாங்கிக்கும். யாரு போட்டு நடக்குறாங்களோ அவங்க காலத்தான் வாங்கும். நீங்களே நடக்கணும். வேற ஆள நடக்க விட்றாதீங்க."

வியாபாரிகள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள்.

செப்டம்பர் 18

மெத்தை வந்துவிட்டது. புதுக் கட்ஷூவில் போட்டு, கூடத்தில் நான்கு நடை நடந்தேன். கருங்கல் மாதிரி இருக்கிறது. மூன்று வாரம் இதில் நான் நடப்பதா? புதுப் பானையை முதலில் யாரோ பழக்கித் தருகிறார்கள். காளைக்கு நுகத்தடி பழக்க ஆள் இருக்கிறான். செருப்புக்கு மட்டும் நானே நடக்க வேண்டுமா?

வாசலில் காத்தான் நின்றான். அவன் காலைப் பார்த்தேன். என் அளவேதான். சின்ன வயதில் நம் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி பட்டு வலது சுண்டுவிரல் போய்விட்டது. அதனால் என்ன, ஒரு விரல்தானே குறைச்சல்.

"மூணு வாரம் இதப் போட்டுக்கிட்டு நடடா" என்றேன்.

ஓரடி பின்னால் போனான். "நானா ஆண்டே? செருப்பா?"

"வயல்ல மட்டும். நம்ம தெரு தாண்டுற வரைக்கும் கையில எடுத்துக்கிட்டுப் போ. தாண்டினப்புறம் போட்டுக்க."

இதில் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? தெருவில் யாரும் செருப்போடு என் எதிரில் வந்தது கிடையாது. அதை நானே கெடுக்க முடியுமா? துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல எடுத்துக்கொண்டு போனான்.

செப்டம்பர் 24

"பிடிக்குதா?" என்று கேட்டேன். "சுண்டுவெரல் இருந்த எடத்துல கொஞ்சம் உறுத்துது ஆண்டே. நடவு ஆளுங்க வேற சிரிக்குறாங்க." நடவை விட இது முக்கியம் என்றேன். தலையாட்டினான். நல்லவன். குத்தகைப் பதிவுக்கு மனு கொடுக்கப் போகிறவன் முகமா அது? என் எதிரில் நிமிர்ந்து நின்றதுகூடக் கிடையாது.

அக்டோபர் 1

நாகநாதன் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "வரப்பு முழுக்கக் கட்ஷூத் தடம்ங்க. பாக்குறவன் பண்ணையார் தெனம் வந்து போறார்னுதான் நெனைப்பான்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! இந்த ஊரில் கட்ஷூ போடுகிறவன் நான் ஒருத்தன்தானே? இனி மடை, வாய்க்கால், நாற்றங்கால் ஒன்று விடாமல் சுற்றச் சொல்லிக் காத்தானுக்கு உத்தரவு. வெயில், மழை பார்க்கக் கூடாது.

அக்டோபர் 8

"இப்ப எப்படிடா இருக்கு?"

"போட்டிருக்கதே தெரியல ஆண்டே."

என் வடிவமைப்புக்குக் கிடைத்த முதல் வெற்றி.

அக்டோபர் 17

நாளை அதிகாரி வருகிறார். துரைராசு என்று பெயர். கட்ஷூவைத் துடைத்து வைத்தாயிற்று. போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. அதற்குள் தேய்ப்பானேன்?

அக்டோபர் 18

எழுதத்தான் வேண்டுமா?

துரைராசு சின்னப் பையன். முப்பது இருக்காது. ரப்பர் செருப்பு, தோளில் ஒரு பை. காரை விட்டு இறங்கி வரப்பில் ஏறினேன். பின்னால் நாகநாதன், அவருக்கும் பின்னால் காத்தான், அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய். அவளை யார் கூப்பிட்டது?

மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். "தெனம் காலையில இந்த வயல சுத்தி வந்துடுவேன். இதே கட்ஷூதான். வேணும்னா தடத்தப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். மடை வரை போய்ப் பார்த்தார். "ஆமா, எல்லாம் ஒரே தடம்தான். தெனம் நடந்திருக்கு" என்று எழுதிக்கொண்டார். எழுதியதில் என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பத்தடி. பத்தே அடிதான். உள்ளங்காலில் எங்கோ ஒரு மேடு, குதிகாலில் ஒரு குழி, விரல் பக்கம் ஒரு திண்டு — என் கால் எங்கெங்கே போகக் கூடாதோ அங்கெல்லாம் பிடித்துத் தள்ளுகிறது. பல்லைக் கடித்தேன். மூலைக்கல் இருக்கும் பக்கம் போகாமல் பக்கத்து வயலுக்குள் திரும்பிவிட்டேன். "அந்தப் பக்கம் இல்ல ஆண்டே" என்று காத்தான் மெதுவாகச் சொன்னான். திரும்பினேன். உயிர் போகிற வலி. அப்படியே வரப்பில் உட்கார்ந்து கட்ஷூவைக் கழற்றிவிட்டேன்.

துரைராசு வலது கட்ஷூவைக் கையில் எடுத்தார். மெத்தையை வெளியே இழுத்தார். தோலின் மேல் ஒரு பாதம் அச்சாகப் பதிந்திருந்தது. அகலமான பாதம். நான்கு விரல்.

சேற்றுத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தார். எண்ணினார். அந்தப் பயல் எண்ணினான்!

"ஐயா, உங்களுக்கு அஞ்சு வெரல் இருக்கே?"

காலைச் சேற்றுக்குள் அழுத்தினேன். அவர் காத்தானிடம், "கொஞ்சம் கால வைங்க" என்றார். காத்தான் என்னைப் பார்த்தான். என் எதிரில் எப்படி வைப்பான்? நானும் 'வைக்காதேடா' என்றுதான் பார்த்தேன். "வையுங்கறேன்ல" என்றாள் பொன்னுத்தாய். வைத்தான். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"தெனம் இந்த வயல சுத்துறது இந்தக் கட்ஷூதான்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கட்ஷூவுல நடந்தது யாரு காலுன்னும் பாத்தாச்சு. இவரு மனு ஆகஸ்ட் பன்னெண்டாந்தேதியே வந்துடுச்சுங்க. சாட்சி சொல்லத்தான் ஊருல யாரும் முன்வரல."

ஆகஸ்ட் பன்னிரண்டு. எனக்குக் குதிகால் வலிப்பதற்கே இரண்டு நாள் முன்னால். மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் மூன்று வாரம் என் செருப்பில் நடந்திருக்கிறான், வாயே திறக்காமல். பாவிப்பய. நான்தானேடா நடக்கச் சொன்னேன். நான்தானே சாட்சியும் சொன்னேன்.

வெறுங்காலோடு காருக்கு வந்தேன். வெட்கமாக இருந்தது. இதுவரை நான் வெட்கப்பட்டதே இல்லை, அது எப்படி இருக்கும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 19

நீலாம்பாள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 21

உத்தரவு வந்துவிட்டது. கோயிலடிப் பத்து மா: குத்தகைதாரர் காத்தான். அப்பீலுக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். "எதிர்த்தரப்பு சாட்சி யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். கேஸ் கட்டை மூடிவிட்டார்.

டிசம்பர் 3

மறுபடி லியாகத் அலி கடை. புது மெத்தை வேண்டும் என்றேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அளவெடுத்து முடித்ததும், "இந்தத் தடவ யாரு நடக்கப் போறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நான்" என்றேன். பாய் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

1973 பிப்ரவரி 4

தெருவில் நடந்தால் சிரிக்கிறார்கள். அதனால் இரண்டு மாதமாக ஊருக்கு வெளியே சாலையில் நடக்கிறேன். குதிகால் குத்து பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஜல்லிச் சாலை. பாதத்துக்கு மண்தரைதான் சுகம் என்று பாய் சொல்கிறார். மண்தரை என்றால் கோயிலடி வரப்புதான்.

இன்று அங்கே போய் நின்றேன். சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் பரப்பிக் கிடந்தது. காத்தான் தூற்றிக்கொண்டிருந்தான். களத்துக்கு வெளியே, அவன் துண்டின் மேல், பழைய கட்ஷூ இரண்டும் சோடியாக இருந்தன. அவற்றைத் திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய, வேறு யார் காலுக்கும் சேராது.

"வரப்புல கொஞ்சம் நடந்துக்கலாமா?" என்று கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன்.

முறத்தை இறக்கினான். நிமிர்ந்து பார்த்தான். என்னை விட இரண்டு விரற்கடை உயரம். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

"நல்லா நடங்க. களத்து வழியாத்தான் போவணும். நெல்லு கெடக்கு, செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

கழற்றினேன். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். களம் தாண்டுகிற வரைக்கும் போடவில்லை.