மாடியில் அடித்த சுண்ணாம்பு

ராஜபாளையம்
ஆனி 14, வெள்ளிக்கிழமை

அன்பு மாரிக்கனிக்கு, உன் வீட்டுக்காரன் சிவபாண்டி எழுதுவது. இங்கே நான் சுகம், தண்ணி மோட்டார் சுகம், மீன்கள் போன மாசத்தை விட நல்ல சுகம். பெங்களூரில் நீயும், மகள் காளீஸ்வரியும், மாப்பிள்ளையும், பேத்தியும் சுகமாக இருக்க நம்ம குலசாமி பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு எதுக்குக் கடுதாசி என்று நினைப்பாய். ஆறாம் வகுப்பில் பாதியில் ஓடிவந்தவன் கையெழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். மாப்பிள்ளையிடம் காட்டாதே. போன் பண்ணினாலே நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறீர்கள். நாலு பேர் கேட்கிற இடத்தில் எனக்குக் கிண்டல் மட்டும்தான் வாயில் வருது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். காளீஸ்வரி மறுபடி உண்டாகியிருக்கா, அந்தப் பிள்ளை பிறந்து நடக்கிற மட்டும் இன்னும் ரெண்டு வருசம் நான் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டாய். தாராளமா இரு, எனக்கு இங்கே ராஜ வாழ்க்கை என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். உன் சத்தம் மட்டும் அதில் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன், பேனா செத்த நேரம் ஓடிப் பழகட்டும்.

என்கூட மில்லில் ஷிப்ட் பார்த்த சுப்புராஜ், இப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறானே, அவன்தான் வீட்டில் பேச ஒரு ஆள் வேணும்லா என்று சோடி மீன் கொடுத்தான். சிக்லிட் என்கிற சாதியில் குள்ள ரகமாம். என் சுண்டுவிரல் நீளம்தான், ரோசம் மட்டும் முழங்கை நீளம். இதுகளுக்கு நம்ம போர் தண்ணி ஆகாதாம். நம்ம தண்ணிதான் உனக்குத் தெரியுமே, குடத்தடியில் வெள்ளையாகப் படிந்தால் நீ புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. உப்பில்லாத, லேசான புளிப்புத் தண்ணியில்தான் முட்டை பொரிக்குமாம். அப்படின்னா ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து விடவா என்று கேட்டேன். சுப்புராஜ் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னான். மழைத்தண்ணி பிடி, உதிர்ந்து காய்ந்த பாதாம் இலையைக் கழுவி அதில் ஊறப் போடு என்றான்.

கோடை மழையை மாடிக் குழாய்க்குக் கீழே டிரம் வைத்துப் பிடித்தேன். மில் வாசல் பாதாம் மரத்தடியில் நான் இலை பொறுக்குவதைப் பார்த்து, சிவபாண்டிக்குப் பெருக்குற வேலை கொடுத்துட்டாங்க போல என்று பயல்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் தண்ணி கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. பார்க்க அம்புட்டு அழகு. தொட்டிக்குள் கவிழ்த்த சிரட்டையில் பொட்டை மீன் செக்கச்செவேலென்று முட்டையும் போட்டது. மூணாம் நாள் அத்தனையும் சவ்வரிசி மாதிரி வெளுத்துப்போச்சு. அடுத்த ரெண்டு தடவையும் அதே கதை.

அந்தத் தண்ணியை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் நிறத்தைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பஸ்ஸில் கொண்டுவரக் கூடாதுண்ணே என்று காதோரம் வந்து சொன்னான். மீனுக்குத்தான் தம்பி என்றேன். ஆமா, எல்லாரும் மீனுக்குத் தொட்டுக்கத்தான் வாங்குதாங்க என்றான். மூடியைத் திறந்து மோந்து பார்த்த பொறவுதான் டிக்கெட் கொடுத்தான்.

சுப்புராஜ் புளிப்பு அளக்கிற மீட்டரை அதில் விட்டுப் பார்த்தான். ஏழுக்குக் கீழே நிற்க வேண்டியது எட்டரை காட்டியது. இது மழைத்தண்ணியா, சுண்ணாம்புத் தண்ணியா, மாடியில் என்னத்தடே பூசி வச்சிருக்க என்று கேட்டான். எனக்கு அப்பதான் உறைத்தது.

பங்குனியில் வாரேன் என்று சொல்லியிருந்தாயே. அடுப்படி வெக்கையில் உனக்கு வேர்க்குரு வந்துவிடும் என்று மாடி முழுக்க ரெண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். வந்து பார்த்து நீயே கண்டுபிடிக்கட்டும் என்று போனில் சொல்லவில்லை. அப்புறம் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது, உன் பயணம் நின்றது. குற்றமாகச் சொல்லவில்லை, பிள்ளை காய்ச்சலில் கிடக்கையில் யார்தான் கிளம்புவா. அந்தச் சுண்ணாம்புதான் மழையில் கரைந்து டிரம்முக்குள் இறங்கியிருக்கு. இலைச் சாறு நிறத்தைக் காட்டி என்னை ஏமாற்றிவிட்டது.

பொறவு என்ன செய்தேன் தெரியுமா. புழக்கடையில் துணிக்கொடி ரெண்டுக்கும் நடுவே என் வேட்டியை விரித்துக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே டிரம்மை வைத்து, வானத்திலிருந்து நேராகப் பிடித்தேன். அடுத்த வீட்டு வெள்ளத்தாய் மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மாரிக்கனி இருந்தவரைக்கும் இந்த மனுசன் நல்லாத்தான இருந்தார் என்றார். நானும் ஆமா மதினி என்றேன்.

இந்தத் தடவை பொரித்துவிட்டது. கண்ணும் வாலுமாக நாற்பது, ஐம்பது இருக்கும். தாய் மஞ்சளாக மாறி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறாள். ஆண் கிட்டே வந்தால் கடிக்க விரட்டுகிறாள். அவனை எடுத்து உன் பச்சை வாளியில் விட்டிருக்கிறேன். குஞ்சுகள் தானாக இரை தேடும் வரைக்கும் ஒரு மாசம் அவன் தனியாக இருக்கட்டும், பிறகு சேர்த்து விடு என்று சுப்புராஜ் சொன்னான். மீனுக்காவது தவணை சொல்ல ஆள் இருக்கு.

மாரிக்கனி, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய். ராஜ வாழ்க்கையெல்லாம் இல்லை. கடையில் வாங்குகிற மாவு ஒத்தை ஆளுக்கு நாலு நாள் வருது, மூணாம் நாளே புளித்துப்போகுது. ஷிப்ட் முடிந்து வந்தால் மீன் தொட்டி மோட்டார் சத்தம்தான் வீட்டில் சத்தம். அது நின்றுபோனால் எனக்குப் பயமாக இருக்கு. அங்கே வந்துவிடலாம் என்றால் மில்லில் இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு.

காளீஸ்வரி நம்ம பிள்ளை. பேறுகாலத்துக்கு நீ அவள் பக்கத்தில் இருக்கத்தான் வேணும், நான் மறிக்கவில்லை. ஆனால் அதற்கு இன்னும் மாசம் கிடக்கு. அதுவரைக்குமாவது வந்து இரு. ரெண்டு வருசம் என்று மட்டும் சொல்லாதே. வயித்துப் பிள்ளை நல்லபடியாக வளரட்டும், ஆண்டாள் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். பிரசாதம் இந்தக் கவருக்குள் இருக்கு.

பதிலைப் போனில் சொல்லாதே. ஸ்பீக்கரில் கேட்டால் மறுபடியும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக் கெடுத்துவிடுவேன். ஒரு தாளில் வருகிற தேதியை மட்டும் எழுதி அனுப்பு, போதும். தேதி எழுத முடியாவிட்டால், ஏதாவது ரெண்டு வரி என்னைத் திட்டியாவது எழுது. வெறும் கவரை அனுப்பிவிடாதே.

உன்னைப் பார்த்துப் பதினாலு மாசமான,
சிவபாண்டி