வேலிக்கு வெளியே இருப்பவளுக்கு ஒரு பச்சைச் சேலை

என் கண்ணான பாக்கியத்துக்கு,

நாளைக் காலை நம் வள்ளிக்குக் கல்யாணம். நீ போன பிறகு நம் வீட்டில் முதல் நல்ல காரியம். பயப்படாதே, பெண் வீட்டில்தான் இருக்கிறாள். பயப்பட வேண்டியதையெல்லாம் இன்று மத்தியானம் நானே பயந்துவிட்டேன்.

அவளோடு தெங்கேரா துணிக்கடைக்குப் போனேன். முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு எடுத்தோம். நீ செய்வதுபோல் முந்தானையைக் கைக்குள் கசக்கிப் பார்த்தேன். எதற்காகக் கசக்குகிறாய் என்று நீ இருந்தபோது கேட்டு வைத்தேனா?

பிறகு உனக்கு. சுமங்கலியாகப் போனவளுக்குச் சேலை வைத்துப் படைக்காமல் நம் வீட்டில் எந்தப் பெண் மணையேறியிருக்கிறாள்?

"இலைப்பச்சை வேணாண்ணே. காட்டுக்குத் துணி போவுதுன்னு கேட்டுல புடிக்கிறான் லா," என்றார் கடைக்காரர்.

"என் பொண்டாட்டிக்குப் புடிச்ச கலரு. நீ மடிச்சுக் குடு."

என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

நியாலாஸில் நம் தோட்டத்தைச் சுற்றி இப்போது முள்வேலி; காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ துணியோ போகக் கூடாதாம். கேட்டில் காவல்காரன் இரண்டையும் பிரித்தான். பட்டு கல்யாணப் பெண்ணுக்கு, சரி. பச்சை யாருக்கு? மனைவிக்கு என்றேன். "இஸ்திரி மானா?" மனைவி எங்கே என்கிறான். நீ இருக்கும் இடுகாடு காட்டோரமாக அல்லவா இருக்கிறது! என் அரைகுறை மலாயில் "லுவார் பாகார்" என்று வேலிக்கு வெளியே கை காட்டினேன்.

துப்பாக்கி நிமிர்ந்தது. வள்ளியைத் தனியாகச் சோதனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். அரிசியோடு பிடிபட்டு லாரியில் போன பக்கத்து லயத்துக்காரர் இன்னும் வீடு திரும்பவில்லை. நாளைக்குத் தாலி ஏற வேண்டிய பெண், பாக்கியம். இடுகாட்டுக்கு மலாய் வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து ஆபீஸ் கிராணி ஓடிவந்து, நீ செத்துப்போனவள் என்று விளக்கிய பிறகுதான் அவளை விட்டார்கள். செத்தவளுக்கு எதற்குத் துணி என்று அதற்கும் ஒரு கேள்வி. பச்சைச் சேலை அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். "அம்மாவுக்கு வைக்க ஒண்ணுமில்லையே," என்றேன்.

வள்ளி தன் பட்டை எடுத்து விளக்கின் முன் வைத்தாள். "இன்னிக்கு அம்மா கட்டட்டும்பா. நாளைக்கு அவங்ககிட்ட வாங்கி நான் கட்டிக்கிறேன்."

படைத்துவிட்டோம். இப்போது அது உன் சேலை. கசக்காமல் கட்டு, காலையில் பிள்ளைக்கு வேண்டும்.

வேலி போட்ட நாளிலிருந்து உன் பக்கம் வர முடியவில்லை. அதை எடுக்கும் அன்று, அதே பட்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவளை உன்னிடம் கூட்டிவருவேன். என் பெண்டாட்டி எங்கே என்று யார் கேட்டாலும், அதுவரை அந்தப் பக்கமே கை காட்டுவேன்.

உன் வாயாடிப் புருஷன்,
மாணிக்கம்