இரண்டரை லிட்டர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். இத்தனை மாதமாக ஒப்புக்கு எழுதிய நலம் இல்லை, நிஜமான நலம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே.

அப்பா முந்திக்கொண்டு போனில் பாதியைச் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்கிறேன். நாலு மாத்திரை விழுங்கியும் பிரஷர் இருநூறை விட்டு இறங்காததற்கு நான்தான் குற்றவாளி என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது உனக்கே தெரியும். திருட்டுத்தனமாக உப்பு தின்கிறேனாம். உன் அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற மனுஷன் ஆயிற்றே, என் தையல் கடைக்கே வந்து பொத்தான் டப்பாவை நக்கிப் பார்க்காத குறையாகச் சோதனை போட்டார். உன் அத்தை வேறு, வாயைக் கட்டத் தெரியலேன்னா வைத்தியம் எதுக்குன்னு கேட்டாள். போன மாதம் புது மாத்திரை ஒன்று சேர்த்ததும் கிட்னி இன்னும் மோசமாகி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகிவிட்டது. டயாலிசிஸுக்குத் தேதி குறித்தார்கள், அதற்கப்புறம் உன் கிட்னி ஒன்றை எடுத்து எனக்கு வைப்பது என்று பேச்சு.

அப்போதுதான் புதிதாக வந்த டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், அந்த மாத்திரைக்குப் பிறகு ஏன் இப்படி ஆனது என்று மண்டையை உடைத்துக்கொண்டு என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். உஸ் உஸ் என்று சத்தமாம். ஸ்கேன் எடுத்தால் இரண்டு கிட்னிக்கும் ரத்தம் போகிற குழாய் சுருங்கிக் கிடக்கிறது. ரத்தம் போதாமல் கிட்னியேதான் பிரஷரை ஏற்றிவிட்டிருக்கிறது. அம்மா மேல தப்பே இல்ல சார்னு அப்பாவிடம் அவளே சொன்னாள். தொடை வழியாகக் கம்பி விட்டு, குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்தார்கள், நான் முழித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலைக்குள் சிறுநீர் இரண்டரை லிட்டர்! நர்ஸ் அளந்து சொன்னதை அப்பா உடனே உன் மாமனாருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார், இனி சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்போது இரண்டே மாத்திரை, பிரஷர் நூற்று முப்பது. டயாலிசிஸ் தேதியை என் கண்ணெதிரே பேனாவால் அடித்துவிட்டாள் அந்த மகராசி.

உன் கிட்னி எனக்குப் பொருந்துகிறது என்று நீ துள்ளிக் குதித்துச் சொன்ன அன்று லைன் கட்டாகிவிட்டது என்றேனே, அது பொய். நான்தான் வைத்தேன். வேண்டாம் என்றால் நீ கேட்க மாட்டாய், சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையை அறுத்துத்தான் நான் பிழைக்க வேண்டுமா என்று அழுது தீர்த்தேன். இனி அந்தப் பேச்சே இல்லை. ஜெயித்துவிட்டோமடி.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழுங்கள். அங்கே ஒருதரம் உன் பிரஷரையும் பார்த்துக்கொள், மறக்காதே. ஆபரேஷனுக்கு என்று எடுத்த விடுப்பை ரத்து செய்துவிடாதே. எனக்கு எதுவும் தர வேண்டாம், சும்மா வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்.

உன்
அம்மா