நூற்று எண்பத்தாறு ஜன்னல்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பன்னிரண்டு ஜன்னல் வரைந்தேன். நேற்றும் பன்னிரண்டு. எல்லாம் அலுமினிய ஜன்னல், எல்லாவற்றுக்கும் ஒரே முகம். அகலம் மாறும், உயரம் மாறும், எண் மாறும். கணினியில், ஆட்டோகேட் என்கிற வரைபடச் செயலியில், பழைய ஜன்னலை நகலெடு, இழு, அளவை மாற்று, எண்ணை மாற்று. மொத்தம் நூற்று எண்பத்தாறு. இந்த வேகத்தில் போனால் பத்தொன்பதாம் தேதி முடியும்.

மகளுக்குப் பிரசவத் தேதி பதினாலு. அவள் ஊருக்கு ரயிலில் பத்து மணி நேரம். வீட்டுக்காரி போன வாரமே அங்கே போய்விட்டாள்.

முதலாளியிடம் லீவு கேட்டேன். "ஜன்னலை முடிச்சிட்டு எங்க வேணா போங்க. நான் என்ன உங்களைக் கட்டியா வெச்சிருக்கேன்?" என்றார். கட்டித்தான் வைத்திருக்கிறார்.

மார்ச் 4

பன்னிரண்டு. வீட்டில் ஒரு பாத்திரம் கருகியது.

மார்ச் 5, வியாழன்

மகள் போன் செய்தாள். நான் வந்து சேர மாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"அளவெல்லாம் எங்கப்பா இருக்கு?"

"எக்செல்ல. முதலாளி அனுப்பின பட்டியல்."

"அதைப் பாத்துப் பாத்து கையால அடிக்கறீங்களா? ஐயோ அப்பா! பக்கத்துக் கட்டத்துல கட்டளையை எழுதுங்க, அளவை அதுவே எடுத்துக்கட்டும். அப்படியே இழுத்து விட்டா நூத்தி எண்பத்தாறு வரியும் வந்துடும். உங்க ஆட்டோகேட் எழுதிக் கொடுத்தா கேக்கும்ல?"

கேட்கும். இருபது வருடமாகக் கேட்கத் தயாராகத்தான் இருந்தது. நான்தான் பேச்சே கொடுக்கவில்லை.

அவள் ஒரு கிடங்கு அலுவலகத்தில் எக்செல்லோடு குடித்தனம் நடத்துகிறவள். நிறைமாத வயிற்றோடு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில், "வந்துடுவீங்கல்லப்பா?" என்றாள். ம், என்றேன். அந்த ம்-முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 7, சனி

வந்துவிட்டது! எக்செல்லில் மூன்று பத்தியில் எண், அகலம், உயரம். நாலாவது பத்தி மூன்றையும் கோர்த்துக் கட்டளையாக்குகிறது. அதை நகலெடுத்து ஆட்டோகேடில் போட்டேன். ஜன்னல் தானாக விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

செக்கர் அக்கா திரும்பிப் பார்த்தாள். எல்லா வரைபடத்தையும் சிவப்புப் பேனாவோடு சரிபார்ப்பவள், அலுவலகத்தில் என்னைவிட மூத்தவள். "என்ன, எறும்பு கடிச்சுதா?"

"ஒண்ணுமில்லக்கா."

ஏன் மறைத்தேன்? பத்தாவதைத் தத்தித் தத்தித் தாண்டியவனுக்கு முதன்முதலாக ஒரு வித்தை கிடைத்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரிந்தால் என்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள் — அற்ப புத்தி, வேறென்ன.

மார்ச் 9, திங்கள்

மானம் போயிற்று.

எல்லாக் கட்டளையையும் ஒரே கோப்பில் சேர்த்து, முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாம் தெரியட்டும் என்று திரையைச் சிறிதாக்கி ஓடவிட்டேன். ஜன்னல்கள் சரசரவென்று விழுந்தன — அத்தனையும் கோணல். ஒன்றின் மூலை பக்கத்து ஜன்னலின் மூலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

செக்கர் அக்கா எட்டிப் பார்த்தாள். "காத்து பலமோ?"

முதலாளி சிரிக்கக்கூட இல்லை. "கையாலயே போடுங்க" என்று எழுந்து போனார்.

சாயங்காலம்தான் பிடிபட்டது. பக்கத்திலிருக்கும் முனையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்னாப்பை அணைக்காமல் ஓடவிட்டிருக்கிறேன். திரையைச் சிறிதாக்கியதும் எல்லா முனையும் அதற்குப் பக்கமாகிவிட்டது. கையால் வரையும்போது எனக்கு வலது கை மாதிரி இருந்த சாமான்!

மார்ச் 10

ஸ்னாப்பை அணைத்தேன். நூற்று எண்பத்தாறும் நேராக நின்றன. நாலு நிமிடம்.

மார்ச் 11, புதன்

அக்கா சரிபார்த்து முடித்தாள். எண் எழுத்து சிறியதாக இருக்கிறது என்பது தவிர சிவப்பு மை இல்லை. லீவுக் கடிதத்தை நீட்டினேன்.

முதலாளிக்கு முகமெல்லாம் பல். "பிரமாதம்! அடுத்த கட்டடம் முந்நூறு ஜன்னல். இருபதாம் தேதி வரைக்கும் சைட்லேருந்து அளவு வந்துக்கிட்டே இருக்கும். வர வரப் போட்டுட்டு அப்புறமா போங்க. உங்களுக்குத்தான் நாலு நிமிஷ வேலையாச்சே."

சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை. எனக்கு மட்டும் தெரிந்த வித்தையாம்! யாருக்கு லாபம்? இவ்வளவு நாள் மூடி மூடி வைத்து என்னைத்தானே நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்? அழுகை வந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 12, வியாழன்

கோப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

"இதைத்தான் கோழி அடைகாக்கற மாதிரி காத்தியா?" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, உக்காந்து சொல்லு" என்றாள். என் மகா ரகசியத்தைக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. நேராக முதலாளி அறைக்குப் போனாள். "இவன் போகட்டும் சார். அளவு வந்தா நான் போட்டுக்கறேன்."

"நீங்களே போட்டுட்டா, அப்புறம் இவரு எதுக்கு?" என்றார் முதலாளி. விளையாட்டுக்கா, நிஜமாகவா, தெரியவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. நாளை ராத்திரி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மகள் வலியிலும் பார்த்துச் சிரித்தாள். மதியம் பன்னிரண்டு இருபதுக்குப் பேத்தி. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

மார்ச் 19, வியாழன்

அக்கா போன் செய்தாள். இருநூற்றுப் பத்து ஜன்னல் முடிந்துவிட்டதாம். என் கோப்பில் கண்ணாடிக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறாளாம். எனக்குத் தோன்றாத பத்தி. "முதலாளி கேட்டாரா?" என்றேன். "கேட்டார். எப்ப வருவான்னு மட்டும்தான் கேட்டார். மெதுவா வா" என்றாள். கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

மத்தியானம் எல்லோரும் அசந்து தூங்கினார்கள். பேத்தி மட்டும் மாட்டேன் என்றாள். தோளில் போட்டுக்கொண்டு கதவிலிருந்து சுவர் வரை, சுவரிலிருந்து கதவு வரை நடந்தேன். நின்றால் சிணுங்குகிறாள், நடந்தால் அடங்குகிறாள். எத்தனை நடை என்று எண்ணவில்லை. தூங்கின பிறகும் கொஞ்சம் நடந்தேன்.