காட்டுமிராண்டிகளுக்கு வேறு பெயர்

"மிஸ், அந்தக் காட்டுமிராண்டிங்களுக்கு வேற பேரே இல்லியா?"

எட்டாம் வகுப்பில் உரோமப் பேரரசு வீழ்ந்த கதையை நடத்திவிட்டு வெளியே வந்தபோது நீங்கள் கேட்டது இது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கண்டியில் எங்கள் பாடசாலைக்குக் காவலாளியாக இருந்தவர் நீங்கள். ஜன்னலோரம் நின்று பாடம் முழுவதையும் கேட்டிருக்கிறீர்கள்.

"இருக்கு அண்ணே. கோத்தர்."

"அப்ப அதையே சொல்லலாமே."

சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

நேற்றுப் பேத்தியின் புத்தகத்தைத் திறந்தேன். அதே வரி: காட்டுமிராண்டிகள் உரோமை அழித்தனர். ஆத்திரத்தில் மூடி வைத்தேன். உள்நாட்டுச் சண்டை, வரிச்சுமை, பதவிப்போட்டி என்று அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. கோத்தரில் பலர் உரோமின் படையிலேயே காவல் நின்றவர்கள். அவர்கள் மீது சந்தேகம் கிளம்பியதும் உரோமர்கள் தங்கள் நகரங்களில் இருந்த அவர்களுடைய மனைவி, பிள்ளைகளைக் கொன்றார்கள். காவல் நின்றவர்கள் மறுபக்கம் போனார்கள். பிறகு உரோமின் வாசலிலேயே வந்து நின்றார்கள்.

இனக்கலவர நாட்களில் விடுதிப் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டி, கேட்டில் தனியாக நின்றவர் நீங்கள். சில வருடங்கள் கழித்து ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டி, மைக்ரோஸ்கோப் ஒன்று காணாமல் போனது. "உது தோட்டக்காட்டான்ர வேலைதான்" என்றார் விஞ்ஞான ஆசிரியர், தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லாலேயே. உங்கள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். நீங்கள் ஊற்றித் தந்த பிளேன்டீயை ஆசிரியர் அறையில் குடித்தபடி நான் வாயே திறக்கவில்லை. என் அப்பாவும் ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்தவர். அந்த அறையில் அதை யாருக்கும் நான் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அந்த நுணுக்குக்காட்டி அந்த விஞ்ஞான ஆசிரியரின் அலுமாரியிலேயே, பழைய வினாத்தாள்களுக்குப் பின்னால் கிடைத்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் என் மேசையில் சாவியை வைத்தீர்கள்.

"கேட்டுச் சாவி, மிஸ். யாரு உள்ள, யாரு வெளியன்னு இனி நீங்களே பாத்துக்கங்க."

நீங்கள் வேலையை விட்டுப் போன அந்த வருடத்திலேயே ஆய்வுகூடம் இரண்டு தடவை உடைக்கப்பட்டது. வெளியாரைத்தான் திட்டினார்கள்.

போன மாதம் நீங்கள் இறந்த செய்தியை உங்கள் மகள் சொன்னாள். உங்களிடம் கேட்காத மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது. இன்று காலை பேத்தியிடம் என் அப்பா எங்கே பிறந்தார் என்று சொன்னேன். பிறகு அவள் கையில் பேனாவைக் கொடுத்தேன்.

இதைப் படிப்பவர்களும் பேனாவை எடுங்கள். உங்கள் வீட்டு வரலாற்றுப் புத்தகத்தில் 'காட்டுமிராண்டிகள்' என்றிருக்கும் இடத்தை வெட்டி, பக்கத்தில் அவர்களுடைய பெயரை எழுதுங்கள்.